முகப்பு

கானாடுகாத்தானில் நான் வேலை பார்க்கும் ஓட்டலுக்கு
வயது நூற்றுப் பதினான்கு.
அறை வாடகை ராத்திரிக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
வெடித்த நிலைக்கதவைத் தடவித் தடவிப்
படம் எடுக்கிறார்கள் வந்தவர்கள்.
இந்த விரிசலை அடைத்துவிடாதீர்கள் என்று
வருகைப் புத்தகத்தில் எழுதிவைத்துப் போனார் ஒரு பிரெஞ்சுக்காரர்.

எனக்கு நாற்பத்து நான்கு.
முகப்பில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள்.
"கொஞ்சம் டயர்டா தெரியிறீங்க, அழகுமீனா"
என்றார் மேலாளர் சாத்தப்பன்,
பல்பு மாற்றச் சொல்லும் அதே குரலில்.

அன்றைக்கே வாங்கினேன் ரெட்டினால்.
பட்டாணி அளவு, இரவில் மட்டும் என்று போட்டிருந்தது.
எந்தப் பட்டாணி என்று போடவில்லை.
ஊறவைத்த பட்டாணி அளவுக்கு நான் வைத்தேன்.

நாலாம் நாள் மூக்கோரம் உரிந்தது,
மழைக்குப் பின் பொரிந்த சுண்ணாம்பாக.
தண்ணீர் பட்டால் எரிச்சல்.
பவுடர் பட்டால் எரிச்சல்.
சிரித்தால் எரிச்சல்;
என் சம்பளத்தில் பாதி சிரிப்புக்குத்தான்.

காரைக்குடி மருந்துக்கடை பெனாசிர்
என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
"நிறுத்துங்கக்கா இதை.
செடியிலேர்ந்து எடுத்தது ஒண்ணு வந்திருக்கு.
மெதுவாத்தான் வேலை செய்யும், ஆனா உரிக்காது."
பக்கூச்சியால்.
வாய் நிறைய வெற்றிலையோடு சொல்லவேண்டிய பேர்.
எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.

பெட்டியின்மேல் சின்னதாய் ஊதாப் பூ.
பார்த்த பூ.
கண்மாய்க்கரையில், ஆடு மிதித்துப் போன இடத்தில்.

செக்காலை ரோட்டு நாட்டுமருந்துக் கடையில்
பையன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஓவர் முடியும்வரை நின்றேன்.
பெட்டியிலிருந்த பெயரைப் போனில் தட்டிப் பார்த்துவிட்டு
திரும்பாமலே ஒரு ஜாடியை இழுத்தான்:
கார்போகரிசி.
மிளகுக்கும் எள்ளுக்கும் பிறந்த மாதிரி
கறுத்துச் சப்பிய விதை.
ஐம்பது கிராம் முப்பத்தைந்து ரூபாய்.
அட, நலங்குமாவில் சேர்ப்போமே, அது.

"அரைச்சு அப்படியே அப்பிட்டு வெயில்ல போயிராதீங்க.
கொப்புளிச்சுக் கறுத்துரும்.
பாட்டில்ல நல்லதை மட்டும் பிரிச்சிருப்பாங்க."

நல்லதை மட்டும் பிரித்தெடுக்க
எண்ணூற்று அறுபத்து நான்கு ரூபாய்.
நியாயமாகத்தான் பட்டது.
என் வீட்டுக்காரரிடமிருந்து நல்லதை மட்டும் பிரித்தெடுக்க
பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

இரண்டையும் வாங்கினேன்.
பாட்டில் கண்ணாடிக்குக் கீழே.
விதைப் பொட்டலம் ஓட்டல் இழுப்பறையில், சாவிகளோடு.
ஏழாம் அறைச் சாவியை வாங்கிய ஒருவர்
விரலை முகர்ந்து பார்த்துவிட்டு
பழைய வீட்டு வாசனை என்றார் பரவசமாக.
நான் மறுக்கவில்லை.

மாசி, பங்குனி, சித்திரை.
ராத்திரி மூன்று சொட்டு.
கோடு போயிற்றா என்று கேட்காதீர்கள்.
இடது கண்ணோரம் ஒன்று மங்கியிருக்கிறது,
அல்லது எங்கள் குளியலறை பல்பு மங்கியிருக்கிறது.
தோல் மட்டும் திரும்பி வந்துவிட்டது,
கோபித்துக்கொண்டு போன நாத்தனார் மாதிரி,
ஒன்றும் பேசாமல்.

நேற்று பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி.
அந்த அம்மாள் தேக்குத் தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.
"எவ்வளவு வயசு இருக்கும்?"
அவள் பார்வை தூணில் இல்லை, என்மேல் இருந்தது.
இல்லை, தூண்மேல்தானா, தெரியவில்லை.

"நூற்றுப் பதினான்கு" என்றேன்.

சாத்தப்பன் கணக்கிலிருந்து தலை நிமிர்த்தினார்.
"பாத்தா தெரியலையே" என்றாள் அவள்.

சிரித்தேன்.
எரியவில்லை.